மணிக்கணக்கும் நன்கொடையும்: இணையவழி உரை விளையாட்டுகளில் பணத்தின் வரலாறு

எழுத்துகளால் மட்டுமே ஆன ஓர் உலகத்துக்குள் பலர் ஒரே நேரத்தில் நுழைந்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்தே நடக்கவும் பேசவும் சண்டையிடவும் இடமளிக்கும் கணினி விளையாட்டுகளை, அவற்றை ஆடுவோர் ‘மட்’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கின்றனர். திரையில் படம் எதுவும் தோன்றாது. ஆட்டக்காரர் நிற்கும் அறையின் வருணனை, அங்கிருந்து வெளியேறும் வழிகள், அருகில் இருக்கும் பிற ஆட்டக்காரர்களின் பெயர்கள் ஆகியவை வரிவரியாக வந்து நிற்கும். அவர் ஒரு திசையைத் தட்டச்சு செய்தால் அடுத்த அறை வரும். 1970-களின் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தோன்றி இன்றுவரை ஆடப்பட்டுவரும் இவ்விளையாட்டுகளை நிரலின் வம்சாவளி கொண்டும், கதைக்களம் கொண்டும், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கொல்ல அனுமதி உண்டா என்பதைக் கொண்டும் பலவாறு பிரித்திருக்கிறார்கள். எனினும், கட்டணம் வசூலிப்பவை, வசூலிக்காதவை என்ற பிரிவினை கிளப்பிய பூசலை வேறெந்தப் பிரிவினையும் கிளப்பியதில்லை. 1980-களில் நிலவிய இருவேறு வலையமைப்புகளின் விதிகளிலிருந்து அப்பிரிவினை பிறந்தது. அவ்விதிகள் 1995-இல் வலுவிழந்த பின்னரும் இரண்டு பெட்டிகள் மட்டும் அப்படியே புழக்கத்தில் நின்றன. பூசலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இவ்வகையின் தாய் விளையாட்டாகக் கருதப்படுவதை, இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா 1978-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பல்கலைக்கழகத்தின் பிடிபி-10 என்னும் பெருங்கணினியில் அசெம்பிளி மொழியில் எழுதத் தொடங்கினார். பின்னர் அதை பிசிபிஎல் என்ற நிரல்மொழியில் திருப்பி எழுத முற்பட்டு, அப்பணி முடியும் முன்பே 1980-இல் படிப்பு முடிந்து அவர் வெளியேறியபோது, உடன் பயின்ற ரிச்சர்ட் பார்ட்டில் எஞ்சியதை எழுதி முடித்து விளையாட்டின் பொறுப்பையும் ஏற்றார். அதன் பெயரே வகை முழுவதற்கும் பெயராகிவிட்டதால், இப்போது அதை ‘மட்-1’ என்று வேறுபடுத்திக் குறிப்பிடுவது வழக்கம். எசெக்ஸில் இதை ஆட எவரும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் கணினி பொதுப்பணத்தில் வாங்கப்பட்டது. பகலில் அது ஆய்வுக்கும் பாடத்துக்கும் உரியது. வெளியாட்கள் நள்ளிரவு கடந்து, விடியும் முன்னரே அனுமதிக்கப்பட்டனர். வீட்டிலிருந்து மோடம் வழியாக இணைந்தவர்கள் தொலைபேசிக் கட்டணத்தையும் தரவுவலைக் கட்டணத்தையும் பிரிட்டிஷ் டெலிகாமுக்குச் செலுத்தினார்கள். ஆட்டம் இலவசமாக இருந்தாலும் ஆடுவது இலவசமாக இருக்கவில்லை. பெற்றோரின் தொலைபேசி ரசீது வழியாகவோ பல்கலைக்கழகத்தின் வரவுசெலவுத் திட்டம் வழியாகவோ யாரோ ஒருவர் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். ‘கட்டணமில்லை’ என்ற முத்திரை தொடக்கம் முதலே விளையாட்டை நடத்துபவர் வசூலிப்பதில்லை என்பதை மட்டுமே சொல்லிவந்தது.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் நகர்ந்தது. மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி அமைப்பின் பெருங்கணினியில் ஆலன் கிளீட்ஸ் 1978-இல் எழுதிய ‘மில்யூ’ என்ற விளையாட்டு, 1983-இல் ஐபிஎம் தனிக்கணினிக்கு மாற்றப்பட்டு ‘செப்டர் ஆஃப் காத்’ என்ற பெயரில் வணிகத்துக்கு வந்தது. பத்து முதல் பதினாறு தொலைபேசி இணைப்புகளைத் தாங்கக்கூடிய ஒரே ஒரு கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் கிளை நடத்தலாம் என்ற முறையில் அதன் உரிமம் விற்கப்பட்டது. வணிக அடிப்படையில் நடந்த முதல் மட் இதுவே என்பர். பிரிட்டனில் 1984-இல் ‘மட்-1’ காம்புநெட் என்ற, கொமடோர் கணினி வைத்திருப்போருக்கான சந்தா சேவையில் கட்டண விளையாட்டாக இடம்பெற்றது. வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த கெல்டன் ஃபிளின், ஜான் டெய்லர் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்’, அறைகளையும் அரக்கர்களையும் விசைப்பலகைக் குறிகளாலேயே வரைந்து காட்டிய விளையாட்டு. அது 1985 டிசம்பரில் கம்ப்யூசர்வ் என்னும் அமெரிக்கத் தகவல் சேவையில் தொடங்கப்பட்டது. இச்சேவைகள் அனைத்துக்கும் பொதுவான அளவுகோல் கடிகாரம்.

மணிக்கணக்குக் கட்டணம் என்பது நடைமுறையில் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கெஸ்மாய்க்கு, வினாடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்தில் மணிக்கு 6 டாலரும் 1200 பிட் மோடத்தில் 12 டாலரும் ஆயிற்று. முதல் வகை மோடத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் திரைக்கு வந்து சேரும். 600 எழுத்து நீளமுள்ள ஓர் அறை வருணனை முழுவதும் வந்துசேர 20 வினாடியும், அதற்கான கட்டணமாக மூன்றரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். விரைவான மோடத்தில் அதே வருணனை ஐந்தே வினாடியில் வந்துவிடும்; மணிக்கட்டணம் இரட்டிப்பாக இருந்தும் அவ்வருணனைக்கு ஆகும் செலவு பாதியாகக் குறையும். ஆனால் எந்தப் பக்கம் போவது என்று ஆட்டக்காரர் ஒரு நிமிடம் யோசித்து நின்றால், மெதுவான மோடத்தில் 10 சென்ட்டும் வேகமான மோடத்தில் 20 சென்ட்டும் கரையும். வாசிப்பதற்கு ஒரு விலையும் யோசிப்பதற்கு மற்றொரு விலையும் வைத்த இந்த ஏற்பாட்டில், ஏற்கெனவே பார்த்த அறைகளின் நீண்ட வருணனையை மறைத்துத் தலைப்பை மட்டும் காட்டும் கட்டளை ஒரு வசதியாக மட்டுமின்றிச் சிக்கனமாகவும் ஆயிற்று. அக்காலத்து ஆட்டக்காரர்கள் வரைபடங்களைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திட்டமிட்டார்கள் என்றால் அதற்கான காரணத்தை இக்கணக்கு சொல்லிவிடுகிறது.

கட்டணமுறை ஆட்டத்தின் உள்ளடக்கத்துக்கே புதிய பொருள் கொடுத்தது. ‘மட்-1’-இல் புதியவராக நுழைபவர் புதையல்களைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்தில் போட்டுப் புள்ளி சேர்க்க வேண்டும். 400 புள்ளியில் முதல் பட்டம், பிறகு ஒவ்வொரு பட்டத்துக்கும் இருமடங்கு என்று ஏறிச் சென்று, 1,02,400 புள்ளியில் அவர் மந்திரவாதி என்ற உச்சநிலையை அடைவார். வழியில் வேறோர் ஆட்டக்காரரோடு சண்டையிட்டுத் தோற்றால் பாத்திரம் முற்றாக அழிந்து, எல்லாம் சுழியிலிருந்து தொடங்கும். எசெக்ஸ் மாணவருக்கு அந்தச் சாவு சில இரவுகளின் தூக்கத்தை இழந்ததற்குச் சமம். மணிக்கணக்கில் பணம் கட்டியவருக்கோ அது ஏற்கெனவே செலுத்திவிட்ட நூற்றுக்கணக்கான டாலரின் சாம்பல். விதி ஒன்றுதான், கட்டணம் மாறியதால் அதன் கடுமை மாறியது. ஆட்டக்காரர்கள் சும்மா அமர்ந்து அரட்டையடித்தாலும் வருமானம் வந்துகொண்டே இருந்ததைச் சேவை நடத்தியவர்கள் கவனிக்கத் தவறவில்லை. கம்ப்யூசர்வில் 1980 முதலே நடந்த நேரடி உரையாடல் சேவை இதை அவர்களுக்கு உணர்த்தியிருந்தது.

இரு பெட்டிகளின் எல்லை எத்தனை மெல்லியது என்பதை ‘மட்-1’-இன் வரலாறே காட்டுகிறது. கம்ப்யூசர்வ் அதை 1987 முதல் ‘பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் நடத்தியது. அதே ஆண்டின் இறுதியில் எசெக்ஸில் இலவசமாக நடந்த மூல விளையாட்டு மூடப்பட்டது. உரிமம் பெற்ற சேவையின் வற்புறுத்தலே காரணம் என்று சொல்லப்படுகிறது. ‘மட்-1’-இன் வழித்தோன்றலான ‘மிஸ்ட்’ மட்டும் 1991-இல் அந்தப் பெருங்கணினி ஓய்வுபெறும் வரை எசெக்ஸில் கட்டணமின்றித் தொடர்ந்தது. கம்ப்யூசர்விலிருந்தும் 1999-இன் இறுதியில் ‘பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்’ நீக்கப்பட்ட பின்னர், விக்டர் டோத் என்பவர் மூல நிரலைப் புதிய மொழியில் திருப்பி எழுதி அதை யாரும் இலவசமாக ஆடும்படி இணையத்தில் வைத்தார். ஒரே விளையாட்டு, ஏறத்தாழ ஒரே அறைகள், ஒரே புதையல்கள். இருபது ஆண்டுகளுக்குள் அது கட்டணமற்றதாக, கட்டணமுள்ளதாக, மீண்டும் கட்டணமற்றதாக இருந்திருக்கிறது. கட்டணம் என்பது விளையாட்டின் இயல்பு என்பதைவிட அதை நடத்தும் ஏற்பாட்டின் இயல்பு என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

1980-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் கட்டண மட்கள் ஒரு சிறு தொழிலாகவே வளர்ந்தன. பிரெஸ்டெல் என்ற தொலைபேசிவழித் தகவல் சேவையின் ஒரு பிரிவில் நீல் நியூவெல் எழுதிய ‘ஷேட்ஸ்’ பெரும் கூட்டத்தை ஈர்த்தது. டிரப்ஷாவும் பார்ட்டிலும் நிறுவிய ‘மியூஸ்’ நிறுவனத்தின் ‘மட்-2’ பிரிட்டிஷ் டெலிகாம் வழியாக நடந்தது. 1989-இல் லண்டனில் ‘அவலோன்’ தொடங்கியது. பிரிட்டிஷ் டெலிகாமின் வேண்டுகோளின்பேரில் பார்ட்டில் 1990 டிசம்பரில் எழுதி முடித்த ஆய்வறிக்கை, அன்றிருந்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பிட்டது. இத்துறையை வகைப்படுத்தும் முதல் விரிவான முயற்சிகளுள் அது ஒன்று. தொலைபேசி நிறுவனம் ஒன்று இதைக் கேட்டு வாங்கியதில் வியப்பில்லை. ஒவ்வொரு மட் ஆட்டக்காரரும் அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் கட்டும் வாடிக்கையாளர்.

இதே ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கிடையே ஓடிய வலையமைப்புகளில் முற்றிலும் வேறொரு மரபு தழைத்தது. வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் லினக்ஸ் இயங்குதள வளர்ச்சியில் புகழ்பெற்ற ஆலன் காக்ஸ், நண்பர்களுடன் சேர்ந்து 1987-இல் ‘அபர்மட்’டை எழுதினார், அது சி மொழிக்கு மாற்றப்பட்டதும் யுனிக்ஸ் கணினி உள்ள இடமெல்லாம் பரவியது. 1989-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் ‘டைனிமட்’டையும், சுவீடனின் கோதன்பர்க் நகரில் லார்ஸ் பென்ஷோ ‘எல்பிமட்’டையும் உருவாக்கினார்கள். இவை எல்லாம் இலவசம். இந்த இலவசத்துக்கு ஆக்கியோரின் தாராள மனமும் பங்களித்தது. ஆனால் அடித்தளமாக நின்றது வலையமைப்பின் விதி. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட் என்னும் அரசு நிதியில் ஓடிய முதுகெலும்பு வலையின் பயன்பாட்டு விதிகள், ஆய்வு, கல்வி ஆகியவற்றுக்கு இடமளித்து இலாப நோக்குள்ள வேலைகளை விலக்கின. கம்ப்யூசர்வ் போன்ற வணிகச் சேவைகளோ தத்தம் சந்தாதாரர்களைத் தத்தம் சுவர்களுக்குள்ளேயே வைத்திருந்தன. ஆகவே ஒரு மட் கட்டண விளையாட்டா இல்லையா என்று அந்நாளில் யாரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அது எந்த வலையில் இருக்கிறது என்பதே விடையைச் சொல்லிவிட்டது.

இந்த மரபிலிருந்து பிறந்தவற்றுள் மிகுதியான சந்ததி பெற்றது ‘டிகுமட்’. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறையின் டேனிஷ் பெயர்ச் சுருக்கமே ‘டிகு’. அத்துறையின் மாணவர்களான ஹான்ஸ் ஹென்ரிக் ஸ்டேர்ஃபெல்ட், காட்யா நியூபோ, டாம் மேட்சன், மிகேல் சைஃபர்ட், செபாஸ்டியன் ஹாமர் ஆகிய ஐவரும் 1990-இல் எழுதத் தொடங்கி 1991-இல் அதன் மூல நிரலை வெளியிட்டனர். உடன் இணைத்த உரிமத்தில் அவர்கள் கேட்டவை சில மட்டுமே: நிரலின் எந்தப் பகுதியிலிருந்தும் எந்த வழியிலும் இலாபம் ஈட்டக் கூடாது, விளையாட்டில் நுழையும்போது தோன்றும் முகப்பில் ஆக்கியோர் ஐவரின் பெயர்களும் இருக்க வேண்டும், ஆட்டக்காரர் உரிய கட்டளையைத் தட்டச்சு செய்தால் ஆக்கியோரைப் பற்றிய பக்கம் மாற்றமின்றிக் காட்டப்பட வேண்டும், விளையாட்டைப் பொதுவில் நடத்துபவர் ஆக்கியோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கூலி கேட்காமல் பெயரை மட்டும் கேட்ட உரிமம் இது. இன்றும் பல மட்களில் நுழைவோர் தம் பாத்திரப் பெயரைத் தட்டச்சு செய்யும் முன்னர் காண்பது அந்த ஐந்து பெயர்களைத்தான். ‘மெர்க்’, ‘சர்க்கிள்மட்’, ‘ராம்’, ‘ஸ்மாக்’ என்று தலைமுறை தலைமுறையாக நிரல் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு தலைமுறையினரும் தம் பெயரையும் கீழே சேர்த்துக்கொண்டு வந்ததால், சில முகப்புகள் ஒரு வம்ச வரலாறாகவே நீண்டு நிற்கின்றன. ‘எல்பிமட்’டின் உரிமமும் பண வரவுக்காக அதைப் பயன்படுத்துவதை விலக்கியது. இவ்வாறு, வலையமைப்பின் விதியால் விளைந்த இலவசம் நிரலின் உரிமத்துக்குள் எழுதப்பட்டது. வலையின் விதி மாறினாலும் உரிமம் மாறாது என்பதுதான் பின்னாளில் முக்கியமாயிற்று.

1995 ஏப்ரல் இறுதியில் என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பு மூடப்பட்டு, இணையத்தின் போக்குவரத்து தனியார் வலைகளுக்குச் சென்றது. இரண்டு உலகங்களும் ஒரே தெருவில் கடை போட்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில், அதுவரை மாதம் 9.95 டாலருக்கு ஐந்து மணி நேரமும் அதற்குமேல் மணிக்கு 2.95 டாலரும் என்று வசூலித்துவந்த அமெரிக்கா ஆன்லைன், மாதத்துக்கு 19.95 டாலரில் வரம்பற்ற இணைப்பு என்ற முறைக்கு மாறியது. மணிக்கணக்கில் ஒரு பங்கைப் பெற்றுவந்த விளையாட்டு நிறுவனங்களுக்கு இது பேரிடி. கூட்டம் பெருகப் பெருக வருமானம் பெருகிய நிலை போய், கூட்டம் பெருகினால் செலவே பெருகும் நிலை வந்தது. 1987-இல் நிறுவப்பட்ட சிமுட்ரானிக்ஸ், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ‘ஜீனி’ சேவையில் 1988 முதல் ‘ஜெம்ஸ்டோன்’ வரிசையை நடத்தி, பின் பிற சேவைகளுக்கும் பரப்பிய நிறுவனம். அது தன் விளையாட்டுகளைச் சொந்த இணையச் சேவைக்குக் கொண்டுவந்து மாதச் சந்தா வாங்கத் தொடங்கியது. பணத்தின் அளவுகோல் மணியிலிருந்து மாதத்துக்கு மாறியதும், ஆட்டக்காரர் அறைக்கு அறை நின்று வாசிக்கவும் யோசிக்கவும் மறுபடி உரிமை பெற்றார்.

கட்டண விளையாட்டு என்றால் வாசலில் சீட்டு வாங்கும் விளையாட்டு என்ற எண்ணத்தை 1997-இல் தொடங்கிய ‘அக்கேயா’ கலைத்தது. ‘அவலோன்’ விளையாட்டின் நிரலியந்திரத்தை உரிமம் பெற்று மேட் மிஹாலி உருவாக்கிய இதில் நுழையவும் ஆடவும் காசு தேவையில்லை. ஆனால் ‘கிரெடிட்’ என்ற உள்நாணயத்தை நிஜப்பணத்துக்கு வாங்கி, அதைக்கொண்டு திறன் பயிற்சிகளையும் அரிய ஆயுதங்களையும் பெறலாம். கிரெடிட்டை வாங்கியவர் அதை விளையாட்டின் பொற்காசுக்குப் பிற ஆட்டக்காரருக்கு விற்கவும் சந்தை உண்டு. ஆகவே, ஒரு சென்ட்டும் செலவழிக்காதவர், நாள்கணக்கில் வேட்டையாடிச் சேர்த்த பொன்னைக் கொடுத்து, வேறொருவர் டாலர் கொடுத்து வாங்கிய ஆயுதத்துக்கு உடைமையாளராகலாம். இவ்விளையாட்டை எந்தப் பெட்டியில் இடுவது? நுழைவை வைத்துப் பார்த்தால் இலவசம். உச்சநிலைப் போட்டியை வைத்துப் பார்த்தால் விலையுயர்ந்தது. தனி ஆட்டக்காரரை வைத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு விடை, மற்றவருக்கு வேறு விடை. இன்று கைபேசி விளையாட்டுத் துறை முழுவதும் பின்பற்றும் முறை, படமே இல்லாத ஒரு விளையாட்டில் அவ்வளவு முன்னதாகவே முழு வடிவம் பெற்றுவிட்டது என்பதை விளையாட்டு வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

1990-களின் நடுப்பகுதியில் ‘மட் கனெக்டர்’ போன்ற விவரத் தொகுப்புகள் தோன்றி, நூற்றுக்கணக்கான மட்களை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தியபோது, இதுவரை வலையின் எல்லையாலேயே பிரிந்துகிடந்தவை அருகருகே வந்து நின்றன. தம்மை இலவசம் என்று விளம்பரப்படுத்த ‘அக்கேயா’ வகையினருக்கு உரிமை உண்டா என்ற விவாதம் அப்போதுதான் சூடு பிடித்தது. கட்டாயக் கட்டணம் கேட்காதவை எல்லாம் இலவசமே என்பது ஒரு தரப்பு. வெற்றிக்கு வேண்டிய பொருளை விற்றுக்கொண்டு இலவசம் என்பது, ஆண்டுக்கணக்கில் ஒரு காசும் வாங்காமல் நடத்துபவரின் பெயரைத் திருடுவதாகும் என்பது மறுதரப்பு. இவ்விரண்டுக்கும் இடையே ‘சலுகைக்குக் கட்டணம்’ என்று பொருள்படும் மூன்றாவது பெட்டி ஒன்று புழக்கத்துக்கு வந்தது. மறுதரப்பின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் முகாமிலும் ஒரு சிக்கல் இருந்தது.

அச்சிக்கலின் பெயர் நன்கொடை. பல்கலைக்கழகக் கணினியில் ஒளிந்து வாழ்ந்த மட்கள், நடத்திய மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறியதும் வீடிழந்தன. வாடகை சர்வருக்கு மாறியதும் மாதாமாதம் பணம் தேவைப்பட்டது. ஆட்டக்காரர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். கொடுத்தவருக்கு நன்றியாக ஒரு பட்டப்பெயர், பிறகு பாத்திரத்தின் வருணனையை அழகுபடுத்தும் உரிமை, பிறகு ஒரு மோதிரம், பிறகு வேறெங்கும் கிடைக்காத வாள் என்று சில இடங்களில் படிப்படியாக நன்றி தடித்தது. கொடுக்கும் தொகைக்கேற்ற பொருள் என்ற விலைப்பட்டியல் வந்த பிறகு அதை நன்கொடை என்று அழைப்பது பொருத்தமற்றது, அது விற்பனை. டிகு உரிமத்தின் கீழ் நடந்த மட்களில் இது வெறும் பெயர்ச் சிக்கலாக நிற்கவில்லை. சர்வர் வாடகைக்கு மட்டும் போதுமான பணம் வாங்கினால் அது இலாபமாகாது என்று சிலர் வாதிட்டனர். எந்த வழியிலும் என்ற சொற்கள் இருக்கும்போது அவ்வாதம் நிற்காது என்று வேறு சிலர் மறுத்தனர். செலவை ஈடுகட்டுவதற்கும் இலாபம் ஈட்டுவதற்கும் வேறுபாடு உண்டு என்பது உண்மையே. ஆனால் கணக்கைப் பொதுவில் வைக்காத ஒருவர் அந்த வேறுபாட்டைக் கேடயமாக்குவதை ஏற்க முடியாது. டிகுவின் நிரலை எடுத்துக்கொண்டு, ஐவர் பெயரையும் முகப்பிலிருந்து நீக்கிவிட்டுப் பொருள் விற்றதாகச் சில மட்கள்மீது குற்றச்சாட்டும் எழுந்தது. பணத்தைவிட அந்தப் பெயர் நீக்கமே மட் சமூகத்தை அதிகம் புண்படுத்தியது. ஊதியமின்றி உழைத்தவர்களுக்குக் கிடைத்த ஒரே ஊதியம் அதுதான்.

இந்த உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதைப் படங்களோடு கூடிய ‘எவர்க்வெஸ்ட்’ விளையாட்டு சந்தித்த அனுபவம் காட்டும். 1999-இல் மாதச் சந்தாவுடன் வெளிவந்த அவ்விளையாட்டின் ஆட்டமுறை டிகு மரபை வெகுவாக ஒத்திருந்ததால், அதன் நிரலே டிகுவிலிருந்து எடுக்கப்பட்டதோ என்ற பேச்சு பரவியது. அதை உருவாக்கிய வெரண்ட் நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில், தம் விளையாட்டில் டிகு நிரல் எதுவும் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் அளித்தனர். டிகு ஆக்கியோரும் அதை ஏற்றுக்கொண்டனர். எண்ணங்களுக்கு உரிமம் இல்லை, நிரலுக்கே உண்டு என்பதால் சட்டப்படி விஷயம் அங்கே முடிந்தது. ஆயினும் இலவச மரபொன்று பத்தாண்டுகளாகச் செதுக்கிய ஆட்டமுறை, இலட்சக்கணக்கானோர் சந்தா கட்டும் பெருந்தொழிலுக்கு அடிக்கல்லாயிற்று என்பது யாரும் மறுக்காத செய்தி.

கட்டணத்தைக் கொண்டு வகைப்படுத்துவோர் பெரும்பாலும் ஆட்டக்காரரின் பணப்பையை மட்டுமே பார்க்கின்றனர். உழைப்பவரின் கூலியைப் பார்ப்பதில்லை. ஒரு மட்டின் அறைகளை எழுதுவோரும், புதியவர்களுக்கு வழிகாட்டுவோரும், சண்டை சச்சரவுகளைத் தீர்ப்போரும் ஏராளமான மணி நேரத்தைச் செலவிடுகின்றனர்; இலவச மட்களில் இது முழுக்கத் தன்னார்வம். கட்டணச் சேவைகளிலும் இவ்வேலையின் ஒரு பகுதியைத் தன்னார்வலர்களே செய்தனர். மணிக்கணக்குக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இலவச இணைப்பு நேரம். 1996-இல் வரம்பற்ற இணைப்பு வந்ததும் அந்தச் சன்மானத்தின் மதிப்பு சரிந்தது. அமெரிக்கா ஆன்லைனின் சமூகப் பொறுப்பாளர்களாக இருந்த தன்னார்வலர்கள், தாங்கள் செய்தது கூலிக்குரிய வேலையே என்று 1999-இல் வழக்குத் தொடுத்தனர். பல்லாண்டுகள் நீடித்த அவ்வழக்கு இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. ஆட்டக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு உலகத்தை எழுதுபவருக்குக் கூலி தராத மட்டையும், ஆட்டக்காரரிடம் எதுவும் வாங்காமல் எல்லோரும் தன்னார்வமாக உழைக்கும் மட்டையும் ஒரே அளவுகோலால் அளக்க இயலாது. இரண்டாவது வகையில் உழைப்பவர் ஒரு பொதுச்சொத்துக்குப் பங்களிக்கிறார். முதல் வகையில் அவர் பிறருடைய வருமானத்துக்குப் பங்களிக்கிறார்.

விலை குறித்த தெளிவு சில ஆட்டக்காரர்களுக்குப் பிறரைவிட அதிகம் தேவைப்படுகிறது. திரையில் வரும் எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள்கள் பரவிய பின், பார்வையற்றோர் பலர் மட்களைத் தம் விளையாட்டாக்கிக்கொண்டனர். படங்களை நம்பிய பெருவிளையாட்டுகள் அவர்களுக்குப் பெரும்பாலும் மூடிய கதவு. ‘ஆல்டர் ஏயான்’, ‘ஆர்ட்வுல்ஃப்’ போன்ற மட்களில் அவர்களுக்கென ஒலிக்குறிகளும் தனி வசதிகளும் அமைந்துள்ளன. மாற்று இல்லாதவரிடம் வைக்கப்படும் விலை, மாற்று உள்ளவரிடம் வைக்கப்படும் விலையைவிடக் கனமானது. எனவே ஒரு பட்டியல் ‘இலவசம்’ என்று சொன்னால், நுழைவுக்கு மட்டுமா, எந்த நிலை வரைக்குமா, பணம் கொடுத்தவருக்குச் சண்டையில் அனுகூலம் உண்டா, கொடுக்காதவருக்கு எந்தக் கதவாவது சாத்தப்படுமா என்பதையும் அது சொல்ல வேண்டும். ‘ஜெம்ஸ்டோன்’ போன்ற பழைய சந்தா விளையாட்டுகளே இப்போது கட்டுப்பாடுகளுடன் கூடிய கட்டணமற்ற நுழைவை அனுமதிக்கும் நிலையில், ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளால் எவருக்கும் உதவ முடியாது.

இன்னொரு பக்கம், டெர்ரி பிராட்செட்டின் நாவல் உலகை வைத்து 1991 முதல் நடக்கும் ‘டிஸ்க்வேர்ல்ட் மட்’ போன்றவை கட்டணமே இன்றித் தொடர்கின்றன. டிகுவின் ஆக்கியோரும் அண்மைக்காலத்தில் தம் நிரலை எல்ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தின்கீழ் கொண்டுவந்துள்ளனர். இவ்வுரிமம் பெயர்க்குறிப்பைக் காக்கிறது, வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதில்லை. ஆனால் ‘மெர்க்’, ‘ராம்’ போன்ற வழித்தோன்றல்களில் பிற்காலத்தவர் எழுதிச் சேர்த்த பகுதிகளுக்கு அவரவர் உரிமங்களே பொருந்தும். அவற்றைத் தளர்த்தும் அதிகாரம் கோபன்ஹேகன் ஐவருக்கு இல்லை. அந்நிரல்களின்மேல் கட்டப்பட்ட மட்கள், தாய் நிரலின் தடை நீங்கிய பின்னரும், இடைத்தலைமுறை உரிமங்கள் விதித்த தடைக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டியிருக்கிறது.